மழலையர் பள்ளியும் குடும்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோரும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களும் என் பணிக்காலத்தில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில விடைகள் பெற்றோருக்கும் சில விடைகள் ஆசிரியருக்கும் உரியவை. ஆயினும் இரு தரப்பினரும் எல்லாவற்றையும் படித்தால், எதிரில் அமர்ந்திருப்பவர் எங்கே தயங்குகிறார் என்பது விளங்கும்.

குடும்பத்தின் ஈடுபாடு என்பது பள்ளி நிகழ்ச்சிகளுக்கு வருவதுதானா?

பெரும்பாலான பள்ளிகள் அப்படித்தான் எண்ணுகின்றன. ஆண்டு விழாவில் எத்தனை பெற்றோர் அமர்ந்திருந்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பது எளிது. ஒரு தாய் தன் மகளைப் பற்றி ஆசிரியரிடம் சொன்ன ஒரு செய்தியால் வகுப்பறையில் என்ன மாறியது என்று அளப்பது கடினம். எளிதாக எண்ண முடிவதே முக்கியமானது என்ற மயக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அமெரிக்கக் கல்வியியலாளர் ஜாய்ஸ் எப்ஸ்டீன் குடும்ப ஈடுபாட்டை ஆறு வகையாகப் பிரித்தார்: குழந்தை வளர்ப்பில் குடும்பத்துக்குத் துணை நிற்பது, பள்ளியும் வீடும் இரு வழியாகவும் தகவல் பரிமாறிக்கொள்வது, பெற்றோர் தன்னார்வமாக உதவுவது, வீட்டில் கற்றலுக்கு இடமளிப்பது, பள்ளியின் முடிவுகளில் பெற்றோருக்குப் பங்கு தருவது, சுற்றியுள்ள சமூகத்தோடு சேர்ந்து செயல்படுவது. விழாவுக்கு வருவது இந்த ஆறில் ஒன்றின் ஒரு சிறு பகுதி மட்டுமே. முன்பருவக் கல்வியைப் பொறுத்தவரை, தகவல் பரிமாற்றமும் வீட்டில் நிகழும் கற்றலும் மற்ற நான்கையும்விடக் கனமானவை என்பது என் கருத்து. விழாக்களுக்கு ஒருமுறைகூட வராமல், ஒவ்வொரு மாலையும் இரண்டு நிமிடம் ஆசிரியரோடு பேசிவிட்டுச் செல்லும் தந்தையை ‘ஈடுபாடு இல்லாதவர்’ என்று பதிவேட்டில் எழுதியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தெரிவிப்பது வேறு, கலந்து பேசுவது வேறு. சுற்றறிக்கையும் அறிவிப்புப் பலகையும் கைப்பேசிச் செய்தியும் தெரிவிக்கும் வேலையைச் செய்கின்றன. பள்ளிக்குத் தெரியாத ஒன்றைக் குடும்பம் சொல்லி, அதனால் பள்ளி தன் செயலை மாற்றிக்கொள்ளும்போதுதான் கலந்து பேசுதல் நடந்திருக்கிறது என்று கொள்ள முடியும்.

இவ்வளவு சிறு வயதில் இது ஏன் இத்தனை முக்கியம்?

முதல் காரணம் வெளிப்படையானது. பத்து வயதுக் குழந்தை பள்ளியில் நடந்ததை வீட்டிலும் வீட்டில் நடந்ததைப் பள்ளியிலும் தானே சொல்லிவிடும். மூன்று வயதுக் குழந்தையால் அது இயலாது. இரவு சரியாக உறங்கவில்லை, வீட்டில் புதிதாக ஒரு தம்பி பிறந்திருக்கிறான், பாட்டி மருத்துவமனையில் இருக்கிறார் என்பனவற்றையெல்லாம் அது சொற்களால் அல்லாமல் அடம்பிடித்தும் அழுதும் ஒதுங்கியும் சொல்கிறது. அந்த மொழியைப் பெயர்த்துச் சொல்லக்கூடியவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

இரண்டாவது காரணத்தை உளவியலாளர் யூரி பிரான்ஃபென்பிரென்னர் 1979இல் விரிவாக விளக்கினார். குழந்தையின் வளர்ச்சியை வீடு, பள்ளி என்று தனித்தனி இடங்கள் மட்டும் உருவாக்குவதில்லை. அந்த இடங்களுக்கு இடையே உள்ள உறவும் உருவாக்குகிறது என்றார். நல்ல வீடும் நல்ல பள்ளியும் ஒன்றையொன்று அறியாமல் இருந்தால், குழந்தை ஒவ்வொரு நாளும் தனியாக ஓர் எல்லையைக் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது.

ஆய்வுச் சான்றுகளும் உண்டு. 1962 முதல் 1967 வரை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்னும் ஊரில் நடந்த பெர்ரி முன்பள்ளித் திட்டத்தில் 123 குழந்தைகள் இடம்பெற்றனர். அவர்களுள் ஒரு பகுதியினருக்கு மட்டும் அன்றாட வகுப்பு நடந்தது; அதோடு வாரந்தோறும் ஆசிரியர் அவர்களுடைய வீட்டுக்கே சென்று தாயோடும் குழந்தையோடும் சுமார் ஒன்றரை மணி நேரம் செலவிட்டார். நாற்பது வயது வரை தொடர்ந்து பார்த்தபோது, அந்தப் பகுதியினர் படிப்பிலும் வருவாயிலும் மற்றவர்களைவிட மேலான நிலையில் இருந்தனர். இதில் வீட்டுச் சந்திப்பின் பங்கு எவ்வளவு, வகுப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1997இல் தொடங்கி ஏறத்தாழ 3,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று, பெற்றோர் எவ்வளவு படித்தவர்கள், என்ன வேலை பார்க்கிறார்கள் என்பதைவிட, அவர்கள் வீட்டில் குழந்தையோடு என்ன செய்கிறார்கள் என்பதே முக்கியம் என்ற முடிவுக்கு வந்தது. தங்களுக்குப் படிப்பு இல்லை என்று கூச்சப்பட்டுப் பள்ளி வாசலிலேயே நின்றுவிடும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இது அண்மைக்காலத்தில் வந்த கருத்தா?

இல்லை. 1840இல் ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று தன் பள்ளிக்குப் பெயரிட்ட ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபெல், நான்கு ஆண்டுகள் கழித்துத் தாய்மார்கள் குழந்தைகளோடு பாடி விளையாடுவதற்கென்றே ஒரு பாடல் தொகுப்பை வெளியிட்டார். மரியா மாண்டிசோரி 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் ரோம் நகரின் சான் லொரென்சோ குடியிருப்பில் தொடங்கிய முதல் ‘குழந்தைகள் இல்லத்தின்’ விதிகளில், தாய்மார்கள் வாரம் ஒருமுறையேனும் பொறுப்பாசிரியரைச் சந்தித்துக் குழந்தையின் வீட்டு வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. இத்தாலியின் ரெஜியோ எமிலியா பகுதியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல், பின்வாங்கிய ஜெர்மானியப் படை விட்டுச்சென்ற ஒரு பீரங்கி வண்டியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தைக் கொண்டு ஊர் மக்களே பள்ளியைக் கட்டினார்கள், அதைப் பற்றிக் கேள்விப்பட்டு மிதிவண்டியில் பார்க்கச் சென்ற இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுட்ஸி, பின்னர் அந்தப் பகுதியின் பெயராலேயே அறியப்பட்ட கல்வி முறைக்கு முகமாக ஆனார். நியூசிலாந்து 1996இல் வெளியிட்ட முன்பருவக் கலைத்திட்டம், குடும்பமும் சமூகமும் என்பதைத் தன் நான்கு அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்றாக வைத்தது.

பள்ளியில் சேர்க்கும்போது குடும்பத்திடம் என்ன கேட்க வேண்டும்?

விண்ணப்பப் படிவத்தில் கேட்கப்படுபவை நிர்வாகத்துக்குத் தேவையானவை. ஆசிரியருக்குத் தேவையானவை அதில் இருப்பதில்லை. பசி, தாகம், கழிப்பறை ஆகியவற்றுக்குக் குழந்தை என்ன சொல் சொல்கிறது, எதைக் கண்டால் அஞ்சுகிறது, அழும்போது எது அதை அமைதிப்படுத்துகிறது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களை என்ன சொல்லி அழைக்கிறது, எந்த உணவு ஒவ்வாது, மாலையில் யாரிடம் ஒப்படைக்கலாம், யாரிடம் ஒப்படைக்கக் கூடாது என்பவற்றை அரைமணி நேரம் அமர்ந்து பேசித்தான் தெரிந்துகொள்ள முடியும். அந்த அரைமணி நேரம் இல்லாத பள்ளி பிறகு பல மணி நேரத்தை இழக்கும்.

எனக்கு அப்படி ஓர் அனுபவம் உண்டு. ஒரு சிறுவன் நண்பகல் உறக்க வேளையில் ‘பூனை, பூனை’ என்று அழுவான். பொம்மைப் பூனை கொடுத்தோம், பூனைப் படம் காட்டினோம், சன்னல் வழியே உண்மைப் பூனையையே காட்டினோம். இரண்டு வாரம் கழித்து அவனை அழைத்துச் செல்ல வந்த பாட்டி, அவன் தூங்கும்போது கன்னத்தில் வைத்துக்கொள்ளும் பழைய துணிக்கு வீட்டில் பூனை என்று பெயர் என்றார். மறுநாள் அந்தத் துணி வந்தது. அவன் பத்து நிமிடத்தில் உறங்கிவிட்டான். படிவத்தில் ‘உறங்கும் பழக்கம்’ என்ற கட்டத்தில் ‘சாதாரணம்’ என்று எழுதியிருந்தது.

முதல் வாரங்களில் குழந்தை அழுதால் பெற்றோர் உடன் இருக்கலாமா, உடனே போய்விட வேண்டுமா?

உடன் இருப்பதற்குப் பள்ளி இடமளிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ‘முதல் நாள் அழட்டும், ஒரு வாரத்தில் பழகிவிடும்’ என்ற நடைமுறை பள்ளிக்கு எளிது; குழந்தைக்கு எளிதன்று. ஒரு வாரத்தில் அழுகை நிற்பது உண்மைதான், ஆனால் பழகியதால் நின்றதா, அழுது பயனில்லை என்று தெரிந்துகொண்டதால் நின்றதா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது.

ஜெர்மனியில் 1980களில் உருவான பெர்லின் பழக்க முறை இதற்கு ஒரு நல்ல வழிகாட்டி. பெரும்பாலும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக உருவானது என்றாலும், அதன் அடிப்படை மற்றவர்களுக்கும் பொருந்தும். முதல் மூன்று நாள்கள் தாயோ தந்தையோ குழந்தையோடு வந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் வகுப்பறையில் அமைதியாக அமர்ந்திருந்துவிட்டு, குழந்தையோடு சேர்ந்தே திரும்பிச் செல்கிறார். இந்த நாள்களில் பிரிவு என்பதே கிடையாது. நான்காவது நாள் முதன்முறையாக, குழந்தையிடம் சொல்லிவிட்டு, அரைமணி நேரத்துக்கு மேற்படாமல் வெளியே செல்கிறார். ஆசிரியரால் குழந்தையைத் தேற்ற முடிகிறதா என்பதைப் பொறுத்தே அடுத்த நாள்களின் கால அளவு முடிவாகிறது. எத்தனை நாள் ஆகும் என்பதைக் குழந்தைதான் தீர்மானிக்கிறது, நாள்காட்டி அன்று.

இதில் பெற்றோர் செய்யக் கூடாத ஒன்று, குழந்தை விளையாட்டில் மூழ்கியிருக்கும்போது சொல்லாமல் நழுவிவிடுவது. அந்த நேரத்தில் அழுகையைத் தவிர்க்கலாம். ஆனால் அதன்பின் குழந்தை விளையாட்டில் மூழ்கவே அஞ்சும், ஏனெனில் கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போய்விடுகிறார். சுருக்கமாக, ஒரே மாதிரியாக, ‘கதை நேரம் முடிந்ததும் வருவேன்’ என்பது போலக் குழந்தைக்குப் புரியும் அடையாளத்தோடு விடைபெற வேண்டும்; சொன்ன நேரத்துக்கு வந்துவிடவும் வேண்டும். ஆசிரியர் தம் பங்குக்கு, அரைமணி நேரம் கழித்து ஒரு வரிச் செய்தி அனுப்பலாம். அழுதுகொண்டே இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் சொல்லும் ஒரு பொய், ஆண்டு முழுவதும் சொல்லப்போகும் உண்மைகளையும் நம்ப முடியாதவையாக ஆக்கிவிடும்.

மாலையில் அழைத்துச் செல்ல வரும் சில நிமிடங்களில் என்ன பேச முடியும்?

நிறையப் பேச முடியாது. ஆனால் சரியானதைப் பேச முடியும். ‘இன்று நன்றாக இருந்தாள்’ என்பது பணிவான வாக்கியமே தவிர, செய்தி அன்று. ‘இன்று மரக்கட்டைகளை அடுக்கும்போது மூன்று முறை சரிந்தும் அழாமல் அடியில் பெரிய கட்டையை வைத்து மறுபடி கட்டினாள்’ என்பது செய்தி. இதைக் கேட்ட தந்தை, வீட்டுக்குப் போகும் வழியில் ‘பள்ளியில் என்ன செய்தாய்?’ என்று பொதுவாகக் கேட்டு ‘ஒன்றும் இல்லை’ என்ற விடையைப் பெறுவதற்கு மாறாக, ‘உன் கட்டடம் ஏன் சரிந்தது?’ என்று கேட்பார். அதற்கு ஒரு மூன்று வயதுக் குழந்தையும் நீளமாகவே விடை சொல்லும்.

ஒவ்வொரு நாளும் எல்லாக் குழந்தைகளைப் பற்றியும் இப்படிச் சொல்வது நடக்காத காரியம். இருபது குழந்தைகள் உள்ள வகுப்பில் நாளொன்றுக்கு நான்கு பேரைக் குறித்துவைத்துக்கொண்டால், வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நல்ல செய்தி போய்ச் சேரும். நல்ல செய்தி முன்கூட்டியே பலமுறை போயிருந்தால்தான், கடினமான செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டிய நாளில் பெற்றோர் காது கொடுப்பார்கள். ஆசிரியரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலே நெஞ்சு பதைக்கிறது என்று பெற்றோர் சொல்கிறார்கள் என்றால், அந்தப் பள்ளி தவறு நடந்தபோது மட்டுமே அழைத்திருக்கிறது என்று பொருள்.

குழந்தை அருகில் நிற்கும்போது அதன் குறைகளைப் பேசக் கூடாது. புரியாது என்று நாம் நினைக்கும் வயதிலேயே குரலின் மாற்றம் அதற்குப் புரிந்துவிடுகிறது.

வாட்ஸ்அப் குழுவும் செயலிகளும் போதாதா?

அறிவிப்புக்குப் போதும். விடுமுறை, கொண்டுவர வேண்டிய பொருள், நேர மாற்றம் ஆகியவற்றுக்கு வகுப்புக் குழு மிகவும் பயனுள்ளது. தனிப்பட்ட குழந்தையைப் பற்றிய எதுவும் அங்கே வரக் கூடாது. பாராட்டுகூட வேண்டாம் என்பேன், ஏனெனில் பாராட்டப்படாத பத்தொன்பது குடும்பங்களும் அதே குழுவில் இருக்கின்றன. ஒளிப்படங்களை அனுப்புவதற்கு ஒவ்வொரு குடும்பத்திடமும் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும். மறுத்தவரிடம் காரணம் கேட்கத் தேவையில்லை. ஆசிரியர் எத்தனை மணி வரை பதில் அளிப்பார் என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், நள்ளிரவுச் செய்திகளும் அவை எழுப்பும் மனக்கசப்பும் குறையும். வாசிப்பதில் சிரமம் உள்ள பெற்றோருக்குக் குரல்பதிவு நல்ல வழி.

ஒளிப்படம் எடுப்பதிலேயே ஆசிரியரின் கண் இருந்தால் குழந்தையைப் பார்க்கும் கண் எங்கே இருக்கும் என்ற ஐயம் எனக்கு உண்டு. நாள் முழுவதும் படங்கள் வந்துகொண்டிருப்பதைப் பெற்றோர் தரத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது எல்லாருக்கும் நல்லது.

பெற்றோர்–ஆசிரியர் சந்திப்பை எப்படி நடத்தினால் பயன் இருக்கும்?

வரிசையில் நிற்கவைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருவராக அனுப்புவது சந்திப்பு ஆகாது. குடும்பம் ஒன்றுக்கு இருபது நிமிடமேனும் ஒதுக்கி, நேரத்தைக் குடும்பமே தேர்ந்தெடுக்கும்படி செய்யலாம். நாற்காலிகள் மேசையின் இருபுறமும் எதிரெதிராக இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், பேச்சின் தொனியே மாறுவதைக் காணலாம். பெரியவர்களைக் குழந்தைகளின் குட்டி நாற்காலியில் அமரவைப்பதை மட்டும் எந்தப் பள்ளியும் விட்டொழிக்க வேண்டும்.

ஆசிரியர் தம் அறிக்கையோடு தொடங்காமல், ‘வீட்டில் இப்போது எதில் ஆர்வமாக இருக்கிறான்? உங்களுக்கு எது கவலையாக இருக்கிறது?’ என்ற கேள்விகளோடு தொடங்கினால், தம் அறிக்கையில் பாதி திருத்தம் பெறும். வகுப்பில் வாயே திறக்காத குழந்தை வீட்டில் பள்ளிப் பாடல்களை எல்லாம் பாடிக் காட்டுகிறது என்று அப்போதுதான் தெரியவரும். அதன்பின் இரண்டு மாத இடைவெளியில் குழந்தை வரைந்த இரண்டு படங்களையோ, அது பேசிய ஓர் உரையாடலின் குறிப்பையோ முன்வைத்துப் பேச வேண்டும். மதிப்பெண்ணும் தரவரிசையும் இந்த வயதுக்குப் பொருந்தா. ‘மற்றக் குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள்?’ என்று பெற்றோர் கேட்டால், ‘செப்டம்பரில் உங்கள் குழந்தை எப்படி இருந்தாள் என்பதோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன்’ என்று மென்மையாகத் திருப்பிவிடலாம். முடிவில் பள்ளி செய்யப்போவது ஒன்று, வீட்டில் செய்யப்போவது ஒன்று என இரண்டை மட்டும் எழுதிக்கொண்டு எழ வேண்டும். ஏழு அறிவுரைகளோடு வீட்டுக்குச் செல்லும் பெற்றோர் ஒன்றையும் செய்வதில்லை. குற்றவுணர்வு மட்டுமே மிஞ்சுகிறது.

குழந்தையின் வளர்ச்சியில் ஐயம் இருந்தால் பெற்றோரிடம் எப்படிச் சொல்வது?

ஆசிரியர்கள் மிகவும் அஞ்சும் கேள்வி இது. இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கின்றன. ஒன்று, பெற்றோர் வருந்துவார்களே என்று ஆண்டு முடியும் வரை சொல்லாமல் விடுவது. மற்றொன்று, இணையத்தில் படித்த ஒரு பெயரைக் குழந்தையின்மேல் ஒட்டிவிடுவது. நோயறிதல் மருத்துவரின் வேலை. ஆசிரியரின் வேலை கண்டதைக் கண்டபடி சொல்வது.

ஆகவே முதலில் மூன்று நான்கு வாரம் தேதியோடு குறிப்பு எழுத வேண்டும். ‘பேச்சு வரவில்லை’ என்பது முடிவு, ‘பின்னால் இருந்து பெயர் சொல்லி அழைத்த பத்து முறையில் இரண்டு முறைதான் திரும்பினான், முன்னால் நின்று அழைத்தால் உடனே பார்க்கிறான்’ என்பது கண்டது. இந்தக் குறிப்பு ஒன்றே, செவித்திறனை முதலில் பரிசோதிக்க வேண்டும் என்று வழிகாட்டுகிறது. இந்த வயதில் சளிக்குப் பிறகு நடுச்செவியில் நீர் தேங்கிச் சில நாள் கேட்டும் சில நாள் கேளாமலும் இருப்பது மிகவும் பரவலானது. கவனக்குறைவு என்றும் பிடிவாதம் என்றும் அது தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது.

பேசும்போது தனி அறை வேண்டும், போதிய நேரம் வேண்டும், இயன்றால் வீட்டில் பொறுப்பில் இருக்கும் இருவரும் வேண்டும். தாயிடம் மட்டும் சொல்லி, வீட்டில் மற்றவர்களுக்கு விளக்கும் சுமையை அவர்மேல் ஏற்றக் கூடாது. கண்டதைச் சொல்லிவிட்டு, ‘வீட்டில் நீங்கள் எப்படிக் காண்கிறீர்கள்?’ என்று கேட்டுவிட்டு அமைதியாக இருக்க வேண்டும். சிலர் அழுவார்கள், சிலர் சினப்படுவார்கள், சிலர் ‘அவன் அப்பாவும் நான்கு வயதில்தான் பேசினார்’ என்பார்கள். இது மறுப்பு என்று முகத்தைச் சுளிக்கத் தேவையில்லை. அவர்கள் அந்தச் செய்தியைத் தங்கள் வாழ்க்கைக்குள் பொருத்திப் பார்க்க முயல்கிறார்கள். அடுத்த சந்திப்புக்கு ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு, எந்த மருத்துவரை அல்லது பேச்சுப் பயிற்சியாளரை அணுகலாம் என்பதையும் எழுத்தில் கொடுத்துவிட்டால் அன்றைக்கு அது போதும். பரிசோதனை முடிவு வரும் வரை வகுப்பில் என்ன மாற்றம் செய்யப்போகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். முன்வரிசையில் அமரவைப்பது, முகம் பார்த்துப் பேசுவது போன்றவற்றுக்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

பெற்றோருக்கு ஐயம் முதலில் எழுந்து, ‘சின்னக் குழந்தைதானே, சரியாகிவிடும்’ என்று பள்ளி தட்டிக்கழிப்பதும் உண்டு. அப்போது பெற்றோர் காத்திருக்காமல் நேராகக் குழந்தை மருத்துவரிடம் செல்வதே முறை.

வீட்டில் எழுத்துப் பயிற்சி கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். முன்னே சொன்ன இங்கிலாந்து ஆய்வு பயன்தரும் வீட்டுச் செயல்களாகக் கண்டவை: குழந்தைக்கு வாசித்துக் காட்டுவது, பாட்டும் மழலைப் பாடலும் கற்றுத்தருவது, வரைவது, எழுத்துகளையும் எண்களையும் வைத்து விளையாடுவது, நூலகத்துக்கு அழைத்துச் செல்வது, நண்பர்களோடு விளையாட வாய்ப்பளிப்பது. ஒரே எழுத்தைப் பக்கம் முழுவதும் எழுதவைப்பது அந்தப் பட்டியலில் இல்லை.

வாசித்துக் காட்டுவதிலும் ஒரு முறை உண்டு. குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோருக்கு, கதையை ஒரே மூச்சில் படித்துவிடாமல் இடையிடையே திறந்த கேள்விகள் கேட்கவும், குழந்தை சொன்ன சொல்லை நீட்டித் திருப்பிச் சொல்லவும் பயிற்சி கொடுத்தார்கள். ‘நாய்’ என்று குழந்தை சொன்னால், ‘ஆமாம், ஈரமான பெரிய நாய். அது ஏன் ஓடுகிறது?’ என்று தொடர்வது போன்றது அது. ஒரு மாத காலத்திலேயே, வழக்கம்போல் வாசித்துக் காட்டப்பட்ட குழந்தைகளைவிட இவர்கள் பேச்சில் முன்னேறியிருந்தார்கள். துணி மடிக்கும்போது இணை காலுறைகளைத் தேடுவதும், படியேறும்போது எண்ணுவதும் கணக்குப் பாடம்தான். இதையெல்லாம் ‘வீட்டுப்பாடம்’ என்று பெயரிட்டு ஏட்டில் கையொப்பம் கேட்கத் தொடங்கினால் அதன் இன்பம் போய்விடும் என்பதைப் பள்ளிகள் கவனிக்க வேண்டும்.

வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி. வீட்டு மொழியை நிறுத்திவிடலாமா?

நிறுத்தக் கூடாது. தாத்தாவோடு சண்டையிடவும் தாயிடம் கனவைச் சொல்லவும் உதவும் மொழியில்தான் குழந்தையின் சிந்தனை முதலில் வளர்கிறது. அந்த வளம் இரண்டாம் மொழிக்கும் அடித்தளமாகிறது. பெற்றோர் தமக்குச் சரளமாக வராத மொழியில் பேச முயன்றால், குழந்தைக்குக் கிடைப்பது குறைந்த சொற்களும் குறைந்த கதைகளும்தான். புதிய மொழிச் சூழலில் குழந்தை சில வாரங்களோ மாதங்களோ பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பானது. ஆசிரியர் அந்த வீட்டு மொழியில் பத்துச் சொற்களைக் குடும்பத்திடமே கேட்டுக் கற்றுக்கொண்டால், குழந்தைக்கும் உதவும், தங்களை மதிக்கிறார்கள் என்பது குடும்பத்துக்கும் தெரியும். முக்கியமான பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளராக அந்தக் குழந்தையின் அண்ணனையோ அக்காவையோ நிறுத்தக் கூடாது.

பள்ளிக்கு வரவே நேரம் இல்லாத பெற்றோர் என்ன செய்வது?

நேரம் இல்லாததையும் அக்கறை இல்லாததையும் ஒன்றாகக் கருதும் பள்ளியிடம்தான் முதலில் பேச வேண்டும். மாற்றுமுறைப் பணியில் இருப்பவருக்குக் காலை பத்து மணிச் சந்திப்பு பயனற்றது; மாலை நேரத் தொலைபேசிப் பேச்சும், பள்ளிக்கும் வீட்டுக்கும் பயணிக்கும் ஒரு சிறு குறிப்பேடும் அதே வேலையைச் செய்யும். அழைத்து வருபவர் பாட்டியோ பெரியப்பாவோ என்றால், பெற்றோரின் ஒப்புதலோடு அவரையும் பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பூனையின் கதையை எனக்குச் சொன்னவர் பாட்டிதான். தந்தையும் தாயும் சேர்ந்து வந்திருக்கும்போது தாயை மட்டுமே பார்த்துப் பேசும் வழக்கத்தை ஆசிரியர்கள் கவனித்து மாற்றிக்கொள்ளலாம். பிரிந்து வாழும் பெற்றோர் என்றால், நீதிமன்ற ஆணை வேறாகச் சொல்லாதவரை, இருவருக்கும் ஒரே தகவல் போக வேண்டும். ஒருவர் மற்றவருக்குச் சொல்லிவிடுவார் என்று விட்டுவிடக் கூடாது.

வீட்டின் வழக்கமும் பள்ளியின் வழக்கமும் முரண்பட்டால்?

பெரும்பாலான முரண்பாடுகளைக் குழந்தை நாம் அஞ்சுவதைவிட எளிதாகக் கையாளும். வீட்டில் ஊட்டிவிடுகிறார்கள், பள்ளியில் தானே உண்கிறது என்றால், அது இரண்டு இடங்களின் இரண்டு வழக்கம்; திருத்த வேண்டிய குற்றம் அன்று. அடிப்பது மட்டும் அப்படிப்பட்டதன்று. ‘சொன்னபடி கேட்காவிட்டால் நாலு போடுங்கள்’ என்று பெற்றோரே சொன்னாலும் பள்ளி அதை ஏற்க முடியாது. 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, வளர்ப்பின் முதன்மைப் பொறுப்பு பெற்றோருடையது என்று 18ஆம் பிரிவில் சொல்கிறது. அடுத்த பிரிவிலேயே எல்லா வகை வன்முறையிலிருந்தும் குழந்தையைக் காக்க வேண்டும் என்றும் சொல்கிறது. குழந்தைக்குத் தீங்கு நேர்கிறது என்ற நியாயமான ஐயம் எழுந்தால், ‘நமக்குள்ளேயே இருக்கட்டும்’ என்ற வாக்கு செல்லாது. உரிய பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிப்பது கடமை என்பதைச் சேர்க்கையின்போதே எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்லிவைப்பது நேர்மை.

ஒரு குழந்தை இன்னொன்றைக் கடித்துவிட்டது. யாரிடம் என்ன சொல்வது?

இரு குடும்பங்களுக்கும் அன்றே, தனித்தனியாக, ஆசிரியரே சொல்ல வேண்டும். கடித்தது யார் என்ற பெயர் கடிபட்ட குழந்தையின் குடும்பத்துக்குத் தேவையில்லை; என்ன நடந்தது, என்ன முதலுதவி செய்யப்பட்டது, இனி என்ன மாற்றம் என்பவை தேவை. பேச்சு முழுமையாக வராத வயதில் கடிப்பது சொல்லுக்கு மாற்றாக வருவது. சொற்கள் பெருகப் பெருக அது குறையும்.

பள்ளியின்மீது குறை இருந்தால் பெற்றோர் யாரிடம் சொல்வது?

முதலில் வகுப்பாசிரியரிடம், தனியாக. தீராவிட்டால் தலைமையாசிரியரிடம், எழுத்தில். மற்றப் பெற்றோரின் குழுவில் முதலில் எழுதுவது ஆதரவைத் திரட்டித் தரலாம், தீர்வைத் தாமதப்படுத்தும். குறை சொன்னால் குழந்தையை வேறு மாதிரி நடத்துவார்களோ என்ற அச்சம் பெற்றோரிடம் உண்மையாகவே இருக்கிறது. நான் பணியாற்றிய ஓரிடத்தில், ஒரு தாய் ஆறு மாதம் பொறுத்திருந்துவிட்டு, பள்ளியை விட்டு விலகும் நாளில்தான் தன் மகன் கழிப்பறைக்குப் போகக் கேட்கத் தயங்கி நாள்தோறும் அடக்கிக்கொண்டு வந்ததைச் சொன்னார். அந்த வகுப்பு என்னுடையது. ‘ஏன் முன்பே சொல்லவில்லை?’ என்று கேட்டதற்கு, ‘நீங்கள் எப்போதும் அவசரத்திலேயே இருந்தீர்கள்’ என்றார்.

முதல் வகுப்புக்குச் செல்லும்போது மழலையர் பள்ளி என்ன செய்ய வேண்டும்?

குடும்பத்தின் ஒப்புதலோடு, குழந்தையைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பைப் புதிய ஆசிரியருக்கு அனுப்பலாம். அதில் எழுத்து எத்தனை தெரியும் என்பதைவிட, எதில் ஆழ்ந்துபோகிறது, தடுமாறும்போது எப்படி உதவி கேட்கிறது, எது அதைத் தேற்றும் என்பவை இருக்க வேண்டும். குறிப்பின் கீழ்ப்பாதியைக் குடும்பம் எழுதட்டும். நடுவில் ஒரு பெட்டி குழந்தைக்கு. நான் அனுப்பிய குறிப்பு ஒன்றில், அந்தப் பெட்டிக்குள் ஒரு சிறுமி பெரிய காது ஒன்றை வரைந்து, ‘சத்தமாகப் பேசினால் எனக்குப் பிடிக்காது’ என்று எழுதச் சொன்னாள், எழுதிக் கொடுத்தோம்.